பரணில் கிடந்த பள்ளிக்கூடம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

ஒரு பொருள் வீட்டில் இருப்பது வேறு. அது வீட்டுக்குப் பயன்படுவது வேறு. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மடிக்கணினி பத்தாண்டுகளுக்கு மேல் கிடந்தது. அடுப்படிப் புகையும் பக்கத்துக் கம்பெனியிலிருந்து பறந்து வரும் பஞ்சுத் தூசியும் படிந்து, அதன் கறுப்புப் பை பழந்துணி மூட்டைபோல ஆகிவிட்டிருந்தது. சென்ற மே மாத விடுமுறையில் அதை நான் கீழே இறக்கினேன். என் அக்கா மகளுக்காக இறக்கினேன். அதிலிருந்து நான் கற்றதை நம் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருப்பது எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீடு. எட்டு வீட்டிலும் பனியன் கம்பெனிக்குப் போகாதவர் என்று பார்த்தால், நடக்க முடியாத இரு பாட்டிகளும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் நானுந்தான். அம்மா கைமடி, மாமா அயர்ன், அக்கா செக்கிங். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் மாலை நாலு மணிக்கே வந்துவிடுவாள். நாலிலிருந்து எட்டரை வரை அவளுக்குத் துணை, பாட்டியும் பழைய செல்போனும்.

அந்தச் செல்போனை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். எண்ணும் எழுத்தும் கற்றுத்தரும் விளையாட்டு என்று சொல்லிக்கொண்ட ஒன்றில் அவள் ஆழ்ந்திருந்தாள். மூன்று வரை எண்ணினால் ஒரு விளம்பரம். ஐந்து வரை எண்ணினால் இன்னொரு விளம்பரம். நடுவில் வட்டிக்குக் கடன் தருவதாக ஒரு குரல். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்பதை அந்தக் குழந்தை நன்றாகக் கற்றிருந்தாள். ஆறோடு மூன்றைக் கூட்டக் கற்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கணிதம் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு குழந்தை இப்படி வளர்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அப்போதுதான் பரணின் நினைவு வந்தது.

அந்த மடிக்கணினி என் அக்காவுடையது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகள் அதனால் பயனடைந்தனர். அக்கா 2013-14-இல் பிளஸ் டூ படித்தபோது அதைப் பெற்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. அதைத் தொட வேண்டுமானால் கைகழுவிவிட்டு வர வேண்டும் என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். 1,200-க்கு 1,013 மதிப்பெண் வாங்கினாள். அந்தக் கோடையில் அப்பாவின் கை நிட்டிங் மிஷினில் மாட்டிக்கொண்டது. ஆறு மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். "ஆறு மாசந்தானுங்கப்பா, நான் போறேன்" என்று அக்கா செக்கிங் டேபிளுக்குப் போனாள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. பன்னிரண்டாம் ஆண்டு நடக்கிறது. நான் இன்று கட்டும் தேர்வுக் கட்டணத்தில் அவளுடைய சனிக்கிழமைச் சம்பளமும் இருக்கிறது.

பையைத் திறந்தபோது அதன் முன்பக்க அறையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. கல்லூரி விண்ணப்பப் படிவம். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அக்காவின் அழகிய கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. பாடம் என்ற இடத்தில் 'கணிதம்' என்று எழுதியிருந்தாள். கையொப்பமும் தேதியும் மட்டும் இல்லை. நான் அதை இருந்தபடியே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

"அத எதுக்குடா தம்பி எறக்கற? எடைக்குப் போட்டாலும் முந்நூறு ரூவா வராது" என்றாள் அக்கா. கடையில் கேட்டபோது, சரிசெய்வதைவிடப் புதிது வாங்கலாம் என்றார்கள். பேட்டரி செத்துவிட்டிருந்தது, ஆனால் மின்சாரத்தில் நேராக ஓடும் என்று தெரிந்தது. பழைய சார்ஜர் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கிச் செருகினேன். திரை ஒளிர்ந்தது. அதில் இரண்டு பெயர்கள் தோன்றின. ஒன்று எல்லாரும் அறிந்த விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ்.

அக்காவுக்கு மடிக்கணினி கிடைத்த நாளில் அந்த இரண்டாவது பெயரைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அத அமுக்குனா கெட்டுப்போயிரும்னு நெனச்சோம்" என்றாள். நானும் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்துகொண்டேன். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். நம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. பள்ளிகளுக்கென்று எஜுபாஸ் என்ற தனிப் பதிப்பையும் அந்நிறுவனம் கொண்டுவந்தது. இது டெபியன் என்னும் மென்பொருள் தொகுப்பின்மேல் கட்டப்பட்டது. டெபியன் 1993-இல் தொடங்கியது; உலகெங்கும் உள்ள தொண்டர்கள் சேர்ந்து நடத்துவது. அதன் உயிர்நாடியான லினக்ஸ், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஃபின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 21. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர் என்று எண்ணியபோது சற்றுத் துணிவு பிறந்தது.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். நம் ஊர்ப் பாஷையிலேயே சொன்னேன். கடையில் விற்கும் பனியனை நாம் வாங்கி உடுத்தலாம். அதை எப்படி வெட்டினார்கள் என்பது கட்டிங் மாஸ்டரிடம் உள்ள பேட்டர்னில் இருக்கிறது, அதை யாரும் வெளியே தரமாட்டார்கள். கட்டற்ற மென்பொருளில் பனியனோடு பேட்டர்னையும் சேர்த்துத் தந்துவிடுகிறார்கள். உடுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், கை நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அதேபோல் தைத்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். இந்த உரிமைகளுக்காக 1983-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கியதே குனூ இயக்கம். "அப்பறம் அவிங்களுக்கு என்ன லாபம்?" என்றாள் அம்மா. அதற்கு எனக்கு உடனே விடை தெரியவில்லை.

பெட்டியில் இருந்த பாஸ் பத்தாண்டு மூத்ததாகிவிட்டதால், எங்கள் துறையின் ஆய்வகத்தில் உதவி கேட்டு, பென் டிரைவ் ஒன்றில் டெபியனை ஏற்றிக்கொண்டு வந்தேன். நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே என்பதால் எடை குறைந்த திரையமைப்பைத் தேர்ந்தேன். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஏறியது. மென்பொருள் பட்டியலைத் திறந்தால் 'கல்வி' என்று ஒரு பிரிவு, 'விளையாட்டு' என்று ஒரு பிரிவு. காசு கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, கைப்பேசி எண் கேட்கவில்லை. காதர்பேட்டையில் கடை கடையாகத் துணி பார்ப்பதுபோல் நான் அன்று இரவு முழுதும் பார்த்தேன்.

ஆனால் நண்பர்களே, நிறைய இருப்பதே ஒரு தொல்லை. எது ஆறு வயதுக்கு ஏற்றது, எது பத்து வயதுக்கு ஏற்றது என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டேன். நான் சொல்லித்தராமல் குழந்தை தானே ஆடினாளா? மறுநாள் அதைத் தானே கேட்டாளா? ஆடிய பிறகு, கணிப்பொறி இல்லாத இடத்திலும் அந்த அறிவு அவளிடம் தெரிகிறதா? மூன்றாவது கட்டமே மிகக் கடினமானது. ஆறு வாரத்தில் பதினான்கு விளையாட்டுகளைப் பார்த்தோம். மூன்றே மூன்று நிலைத்தன.

முதலாவது, ஜிகாம்ப்ரி. 2000-ஆம் ஆண்டில் புரூனோ கூதுவேன் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. 'எனக்குப் புரிந்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைக்கொண்டு அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் அதில் உண்டு. சுட்டியை நகர்த்தினால் திரையை மூடிய கட்டங்கள் மறைந்து ஒரு விலங்கின் படம் வெளிப்படும். அவ்வளவுதான் முதல் விளையாட்டு. சுட்டியைத் தொட்டே அறியாத குழந்தை பத்து நிமிடத்தில் அதைப் பழகிவிட்டாள். பிறகு சீட்டு இணை சேர்ப்பது, புதிர்வழி, கடிகாரம், தராசு. தராசு விளையாட்டில் ஒரு தட்டில் இருக்கும் எடைக்குச் சமமாக மறுதட்டில் கற்களை வைக்க வேண்டும். இதை அவள் எளிதில் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எனக்குப் பிறகு புரிந்தது. எங்கள் சந்து முனையில் பனியன் வேஸ்ட் எடை போடும் கடை இருக்கிறது. ஒரு மாலை அந்தக் கடையில் நின்று, "மாமா, அந்தத் தட்டுல ரெண்டுக்கல்லு வெச்சா சரியாப்போயிரும்" என்றாள். என் நோட்டில் மூன்றாவது கட்டத்தில் முதல் சரிக்குறி அன்றுதான் விழுந்தது.

அதே ஜிகாம்ப்ரியில் நீர்ச்சுழற்சி பற்றி ஒரு விளையாட்டு உண்டு. மீன்பிடிக்கப் போன பென்குவின் பறவை வீடு திரும்பிக் குளிக்க விரும்புகிறது. கதிரவனைத் தொட்டால் நீர் ஆவியாகி மேகமாகும். மேகத்தைத் தொட்டால் மழை பெய்யும். பிறகு நீரேற்று நிலையத்தை இயக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தையும் இயக்க வேண்டும். அதையும் செய்தால்தான் குளிக்கத் தண்ணீர் வரும். இதை ஆடி முடித்த குழந்தை, "மாமா, நம்ம நொய்யலுக்கு எந்தப் பட்டனு?" என்று கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன். சாயக்கழிவு காரணமாகத் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டதும், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவை பின்னர் இயங்கத் தொடங்கியதும் நம் ஊரார் அனைவரும் அறிந்ததே. அந்தப் பட்டன் பல கோடி ரூபாய் விலையுள்ளது, அதை யார் அமுக்குவது என்று ஊரே வழக்காடியது என்று ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? "நீ பெரியவளாகிக் கண்டுபுடி கண்ணு" என்றேன். நல்ல விளையாட்டு விடையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு கேள்வியையும் கையில் கொடுத்தனுப்புகிறது என்று அன்று அறிந்தேன்.

இரண்டாவது, டக்ஸ் மேத். வானிலிருந்து விழும் எரிகற்கள்மேல் கணக்கு எழுதியிருக்கும். சரியான விடையை அடித்தால் கல் சிதறும்; தவறினால் கீழே பென்குவின் குடியிருக்கும் பனிவீடு உருகும். எனக்கு மிகவும் பிடித்த இந்த விளையாட்டு முதலில் பெருந்தோல்வியாக முடிந்தது. பனிவீடு உருகியதும் குழந்தை விம்மி விம்மி அழுதாள். "அதுக்கு வாடகை வூடு கெடைக்குமா மாமா?" என்றாள். நாங்கள் மூன்று ஆண்டில் இரண்டு வீடு மாறியவர்கள். அவள் அழுகையின் பொருள் எனக்கு விளங்கியது. அவசரப்படுத்தும் விளையாட்டு எல்லாக் குழந்தைக்கும் ஆகாது என்று நோட்டில் எழுதி, அதை மூடி வைத்தேன். மூன்று மாதம் கழித்து, பத்தொன்பது வரை கூட்டக் கற்றபின், கல் விழும் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தேன். இப்போது பென்குவினின் வீட்டைக் காப்பது அவளுக்குத் தினக்கடமை.

மூன்றாவது, டக்ஸ் பெயின்ட். பில் கெண்ட்ரிக் என்பவர் 2002-இல் வெளியிட்ட ஓவியப் பலகை. தமிழிலும் அதன் பொத்தான்கள் தோன்றும். தூரிகை, கோடு, அழிப்பான், பிறகு அச்சுப் படங்கள். ஓர் அச்சைத் தேர்ந்தெடுத்துத் தாளில் குத்தினால் அந்தப் படம் பதியும். தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரும் ஒலிக்கும். ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு குறை தென்பட்டது. அந்த அச்சுகள் அழகானவை. எங்கள் சந்துக்கு அந்நியமானவை. பனிவீடும் பென்குவினும் எங்கோ இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை பார்க்கிற நூல் கோன் எங்கே? கத்தரி எங்கே? டீக்கேன் எங்கே? பெயர்கள் தமிழில் ஒலிக்க வேண்டாமா?

குறை சொல்லிவிட்டு மூடிவிடும் விளையாட்டு அன்று இது. இங்கே பேட்டர்ன் நம் கையில் இருக்கிறதே. அச்சு வைக்கும் முறையைப் படித்தேன். பின்னணி நீக்கிய படம் ஒன்று, அதே பெயரில் ஒரு சிறு எழுத்துக் கோப்பு, அதே பெயரில் ஓர் ஒலிக்கோப்பு. இம்மூன்றையும் உரிய இடத்தில் வைத்தால் போதும். செல்போனில் படம் எடுத்து, ஜிம்ப் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருளால் பின்னணியை நீக்கினேன். நூல் கோன், கத்தரி, பாபின், ஊசி, பனியன், பட்டன், டீக்கேன், தூக்குப்போசி, சைக்கிள், கோழி, முருங்கைக்காய் என்று முப்பத்திரண்டு படங்கள் சேர்ந்தன. இனி வேண்டியது ஒரு குரல்.

என் குரல் கரகரப்பு. அக்காவைக் கேட்டேன். "என்ற குரலு எதுக்குடா? டீச்சரு ஆராச்சும் பேசுனா நல்லா இருக்கும்" என்று மறுத்தாள். பள்ளியில் திருக்குறள் ஒப்பிக்கும் போட்டியில் ஆண்டுதோறும் பரிசு வாங்கியவள் அவள். விடாமல் கேட்டேன். எங்கள் பகுதியில் மிஷின் சத்தம் ஓயும் நேரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைதான். ஒரு ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, காதில் ஒட்டிய பஞ்சுத் தூசியோடு, கால்மேல் ஒரு போர்வையோடு அக்கா உட்கார்ந்தாள். "நூல்" என்றாள். "ஊசி" என்றாள். முதல் ஐந்து சொற்களில் கூச்சம் இருந்தது. ஆறாவது சொல்லிலிருந்து, நான் எட்டு வயதில் கேட்ட பழைய குரல் திரும்பி வந்தது. முப்பத்திரண்டு சொற்களையும் சொல்லி முடித்துவிட்டு, "அவ்வளவுதானா? இன்னும் இல்லையா?" என்று கேட்டாள்.

அன்று மாலை முதல் எங்கள் திண்ணை சிறு பள்ளிக்கூடம் ஆயிற்று. லைன் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். கடைசி வீட்டில் பீகாரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவ்வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. தமிழ் தெரியாததால் மற்ற பிள்ளைகளோடு சேரமாட்டான். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஜிகாம்ப்ரியில் சீட்டு இணை சேர்க்கவும் புதிர்வழியில் போகவும் மொழி வேண்டியதில்லை என்பதால் அவனை அங்கே உட்காரவைத்தேன். இரண்டாம் நாளே எல்லாரையும்விட விரைவாக இணை சேர்த்தான். பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றார்கள். மூன்றாம் வாரம் டக்ஸ் பெயின்டில் கோன் படத்தைக் குத்தினான். "நூல்" என்றது அக்காவின் குரல். அவனும் "நூல்" என்றான். ஒருமுறையன்று, ஏழெட்டு முறை. இரவு எட்டரைக்கு அக்கா வேலை முடிந்து வாசலில் நுழைந்தபோது, அவன் தன் அம்மாவின் தையல் நூலைத் தூக்கிக் காட்டி, அவளைப் பார்த்து "நூல்!" என்று கத்தினான். உச்சரிப்பில் அக்காவின் சாயல் அப்படியே இருந்தது. அக்கா சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைக்காமலே நெடுநேரம் நின்றாள்.

அம்மா கேட்ட கேள்விக்கு விடை எனக்கு அப்போதுதான் கிடைத்தது. எங்கோ பிரான்சில் ஒருவர் தொடங்கி வைத்தார். அமெரிக்காவில் ஒருவர் ஓவியப் பலகை செய்தார். பெயர் தெரியாத தமிழர் சிலர் பொத்தான்களைத் தமிழாக்கினர். ராயபுரத்தில் ஒரு செக்கிங் தொழிலாளி முப்பத்திரண்டு சொற்களைச் சொன்னாள். அந்த ஓவியப் பலகையால் பில் கெண்ட்ரிக்குக்கு என்ன லாபமோ அதே லாபந்தான் அக்காவுக்கும். அது சனிக்கிழமைக் கவரில் வருவதில்லை.

இவ்வழியில் நாம் முதல்வர் அல்லர். குழந்தையைக் கணிப்பொறி ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தையே கணிப்பொறியை ஆட்டிவைக்க வேண்டும் என்ற கருத்தோடு சீமோர் பாப்பர்ட் முதலியோர் 1967-இலேயே லோகோ என்னும் மொழியைச் சிறுவர்க்கென்று உருவாக்கினர். நார்வே நாட்டார் 2001-இல் பள்ளிகளுக்கென்று ஸ்கோலெலினக்ஸ் தொடங்கினர். இவ்வளவு தூரம் போவானேன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாக அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான அவர்களுடைய கணிப்பொறிப் பாடநூலின் பெயர் 'களிப்பெட்டி'. விளையாட்டுப் பெட்டி என்று பொருள். நம் மாநிலமோ பெட்டியைக் கொடுத்தது. அதற்குள் பாஸ் லினக்ஸையும் வைத்துக் கொடுத்தது. அந்த இரண்டாம் கதவைத் திறந்து காட்டும் கைதான் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய பெட்டியில் சில விளையாட்டுகள் தடங்கித் தடங்கி ஓடுகின்றன. மின்சாரம் போனால் பாடமும் போய்விடும். கணிப்பொறி எதுவும் தாயின் மடிக்கு ஈடாகாது. ஒன்றரை ஷிப்டைப் பாதி ஷிப்டாக்கவும் அதனால் முடியாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காராவிட்டால் நல்ல விளையாட்டும் வெறும் பொழுதுபோக்கே ஆகிவிடுகிறது என்பதை என் நோட்டின் வெற்றுக் கட்டங்கள் சொல்கின்றன. நான் தேர்வுக்குப் படித்த வாரங்களில் அந்த மூன்றாவது கட்டத்தில் ஒரு சரிக்குறிகூட விழவில்லை.

ஆயினும் நண்பர்களே, நம் கல்லூரியில் படிப்பவர்களில் என்னைப் போன்று முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் பலர். நம் அண்ணனோ அக்காவோ வாங்கிய மடிக்கணினி நம் வீட்டுப் பரணிலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். மென்பொருள் வேண்டுவோர் என்னிடம் பென் டிரைவ் கொண்டுவாருங்கள், படியெடுத்துத் தருகிறேன். இதில் திருட்டு இல்லை; படியெடுத்துக் கொடுப்பதற்கென்றே ஆக்கப்பட்டது. எங்கள் முப்பத்திரண்டு அச்சுகளையும் சேர்த்தே தருகிறேன். நீங்கள் உங்கள் தெருப் பொருள்கள் பத்தைச் சேர்த்து எனக்குத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போக முடியாமற்போனவர் யாரேனும் இருந்தால், அவரையே குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

சென்ற ஞாயிறு விடியற்காலை அக்கா தானாகவே எழுந்து வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள். அடுத்த இருபது சொற்களை அவளே எழுதி வைத்திருந்தாள். பத்துச் சொற்கள் சொன்ன பிறகு சற்று நிறுத்தி, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"தம்பி, அந்தக் கறுப்புப் பைக்குள்ள ஒரு பேப்பர் இருந்துச்சா?"

"இருக்குதுக்கா."

"இருக்கட்டும். கிழிச்சுப்போட்றாத" என்றாள், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த சொல்லைச் சொன்னாள்.